மின்கட்டண ரசீதில் யாருடைய பென்ஷன்?

மாடி வீட்டில் குடியிருக்கும் தம்பி மதுரைக்காரர். வேலை கிடைத்து டெல்லிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுவது நாங்கள் இரண்டு வீடுதான் என்பதால் எதுவானாலும் என்னிடம் வந்துவிடுவார். மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தவரை அவருக்கு மின்கட்டணம் பூஜ்யம். மே மாதம் ஏசி ஓடியது, பில் வந்தது. முதல் முறையாக அதை வரி வரியாகப் படித்திருக்கிறார்.

“அண்ணே, பென்ஷன் டிரஸ்ட் சர்சார்ஜ்னு 7 பர்சன்ட் போட்டிருக்கான். நான் ஐடி கம்பெனி. எனக்கு எங்கண்ணே பென்ஷன்? யாருக்குக் கட்டுறேன் இதை?”

பழைய மின்வாரிய ஊழியர்களுக்கு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதை ஏன் நாம் கட்டுகிறோம் என்று கேட்டால் இருபத்தைந்து வருடக் கதை சொல்ல வேண்டும். அரசும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு பொதுச் சேவையை மாற்றியமைப்பது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது நடைமுறையில் என்ன என்று தெரிந்துகொள்ள இந்த ரசீதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

டெல்லியில் வெகுநாளாக இருப்பவர்கள் இன்னும் மின்சார ஆபீஸை ‘தேசு’ என்பார்கள். மாநகராட்சியின் கீழ் இருந்த அந்த நிறுவனம்தான் 1997இல் டெல்லி வித்யுத் போர்டு என்று தனி வாரியமானது. அந்த வாரியத்தின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வாங்கி அனுப்பிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் காசாகவில்லை. கொக்கி போட்டு எடுத்தது, மீட்டர் ஓடாதது, பில் போடாதது, போட்டும் வசூலாகாதது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வாரியத்தைப் பிரித்து, வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலையைத் தனியார் கையில் ஒப்படைப்பது என்று அரசு முடிவெடுத்தது.

இப்போது ஒரு லைன்மேனின் இடத்தில் நின்று பாருங்கள். அரசு வேலை என்று சேர்ந்தவர். ஓய்வு பெற இன்னும் பதினைந்து வருடம். நாளைக்கு முதலாளி யார் என்று தெரியாது. தனியார் கம்பெனி நட்டப்பட்டு மூடினால் பென்ஷன் யார் தருவது? ஒடிசாவில் 1996இல் மின்வாரியத்தைப் பிரித்து, 1999இல் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே, உத்தரப் பிரதேசத்தில், 2000 ஜனவரியில் வாரியத்தை மூன்றாக உடைத்தபோது ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கில் கைதானார்கள். நொய்டாவும் காஜியாபாத்தும் நமக்கு எவ்வளவு தூரம்? அந்தச் செய்தியை டெல்லி ஊழியரும் படித்திருப்பார், டெல்லி அமைச்சரும் படித்திருப்பார்.

அதே வருடம் அக்டோபரிலும் நவம்பரிலும் டெல்லி அரசு, வாரியம், ஊழியர் சங்கங்கள் மூவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். முத்தரப்பு ஒப்பந்தம் என்பது இதுதான். எந்தப் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டாலும் ஊழியரின் பணி நிபந்தனைகள் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது. பென்ஷன், பணிக்கொடை போன்றவற்றுக்குத் தனியாக ஒரு டிரஸ்ட் இருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். அதன் பிறகே, 2002 ஜூலை 1 அன்று வாரியம் ஆறு நிறுவனங்களாகப் பிரிந்தது. அதில் மூன்று விநியோக நிறுவனங்கள். அவற்றில் 51 சதவீதப் பங்கு தனியாருக்கு, 49 சதவீதம் அரசுக்கு.

இன்று டெல்லியின் மின் இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே. ஒப்பந்தத்தால்தான் இது நடந்தது என்று சொல்ல வரவில்லை. புதிய மீட்டர்கள், புதிய கம்பிகள், கண்டிப்பான வசூல், ஒழுங்குமுறை ஆணையம் என்று காரணங்கள் பல. ஆனால் கம்பெனி பெயர் மாறிய மறுநாள் காலையிலும் கம்பத்தில் ஏற வேண்டியவர் அதே லைன்மேன்தான். அவர் ஏற மாட்டேன் என்று கீழே உட்கார்ந்துவிட்டால் எந்த முதலீட்டாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் மறந்துவிடும் இடம் இது. சட்டம் இயற்றுவது ஒருவர், அதை நடத்திக் காட்டுவது வேறொருவர்.

சரி, பில்லுக்கு வருவோம். டிரஸ்டில் தொடக்கத்தில் போட்ட பணம் போதாமல் போனது. விருப்ப ஓய்வில் முன்கூட்டியே போனவர்களுக்கு டிரஸ்ட் கொடுப்பதா, கம்பெனி கொடுப்பதா என்று நீதிமன்றம் வரை சண்டை போனது. கடைசியில் பென்ஷன் சுமை மின்கட்டணத்தில் வந்து உட்கார்ந்தது. 2018இல் 3.80 சதவீதம், 2020இல் 5, 2021இல் 7. தம்பி, நீங்கள் கட்டுவது அதைத்தான்.

இனி கொஞ்சம் இலக்கணம்.

பொதுச் சேவைச் சீர்திருத்தம் என்றதும் தனியார்மயம் மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். கவுண்டரில் கணினி வைப்பது, பதிவு முறையை மாற்றுவது, வேலை நேரத்தை மாற்றுவது, பென்ஷன் திட்டத்தை மாற்றுவது, ஒரு துறையை இரண்டாக்குவது எல்லாமே அதுதான். இவற்றில் எதைத் தொட்டாலும் யாரோ ஒருவருடைய சம்பளமோ, பதவி உயர்வோ, அன்றாட வேலையோ அசையும். அப்போது அரசு அந்த ஊழியர்களிடம் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்.

கல்யாணத்தை வைத்துச் சொன்னால் எளிது. பத்திரிகை அடித்து முடித்த பிறகு சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்று. அது தகவல். தேதி குறிப்பதற்கு முன் “உங்களுக்கு வசதிப்படுமா சித்தப்பா?” என்று கேட்பது இன்னொன்று. அது ஆலோசனை, அவர் சொன்னதைக் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம், ஆனால் கேட்டாயிற்று. சித்தப்பா சரி என்று சொல்லாமல் பத்திரிகையே அச்சுக்குப் போகாது என்பது மூன்றாவது. அதுதான் பேச்சுவார்த்தை. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், ‘தொழிற்சங்கங்களுடன் கலந்து பேசி முடிவெடுக்கப்பட்டது’ என்று அமைச்சர் சொல்லும்போது எந்தச் சித்தப்பாவைச் சொல்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். என் அனுபவத்தில் பாதி நேரம் அது முதல் வகைதான்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து நம் நாட்டில் நிரந்தரமாகவே ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர் குடும்பங்களில் ‘ஜேசிஎம்’ என்ற மூன்றெழுத்து காதில் விழாமல் இருந்திருக்காது. கூட்டு ஆலோசனை அமைப்பு என்று சொல்லலாம். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் போய்விட்டு வரும் வழியில் அவரும் நண்பர்களும் பேசுவதெல்லாம் ‘ஸ்டாஃப் சைடு என்ன சொல்லுது, அஃபிஷியல் சைடு என்ன சொல்லுது’ என்பதுதான். ஏதோ கிரிக்கெட் டீம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மேசை சும்மா வந்துவிடவில்லை. 1960 ஜூலை 11 நள்ளிரவில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஐந்து நாள் நடந்தது. நேரு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கடுமையாக நடந்துகொண்டது. ஆனால் அந்த அடிதடிக்குப் பிறகு, இப்படி ஒவ்வொரு முறையும் தெருவில் மோதிக்கொள்வதைவிட அறைக்குள் மோதிக்கொள்வது மேல் என்று இரு பக்கமும் தோன்றியிருக்க வேண்டும். பிரிட்டனில் முதல் உலகப் போர்க் காலத்தில் விட்லி என்பவர் தலைமையிலான குழு பரிந்துரைத்த கவுன்சில்கள் அங்கே அரசுப் பணியில் இருந்தன. அதே மாதிரி இங்கும் வேண்டும் என்று இரண்டாவது ஊதியக் குழு ஏற்கெனவே சொல்லியிருந்தது. 1966இல் அது வந்தது.

மூன்று அடுக்கு. மேலே தேசிய கவுன்சில். அதற்குத் தலைவர் அமைச்சரவைச் செயலர், அதாவது நாட்டின் மிக மூத்த அதிகாரி. நடுவில் துறைவாரியான கவுன்சில். கீழே அலுவலக அளவில் ஒன்று. அரசுத் தரப்பும் பணியாளர் தரப்பும் எதிரெதிரே உட்காருவார்கள். பணி நிபந்தனைகள், ஊழியர் நலன், அப்புறம் வேலையின் திறனையும் தரத்தையும் கூட்டுவது, இவற்றைப் பேசலாம். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். ‘எங்கள் சம்பளம்’ மட்டும் பேசும் இடமாக அல்ல, ‘இந்த ஆபீஸ் எப்படி நடக்க வேண்டும்’ என்றும் பேசும் இடமாகத்தான் அதை அமைத்தார்கள். பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் பொதுவான கொள்கையை மட்டும் பேசலாம். தனி ஆள் விவகாரம் கூடாது. அப்பாவின் நண்பர் ஒருவர் மதராஸுக்கு டிரான்ஸ்பர் கேட்டு, “கவுன்சில்ல என் பேரைச் சொல்லுங்க சார்” என்று வருடக்கணக்காக நச்சரித்தார். சொல்ல முடியாது என்று அப்பா விதியைக் காட்டினால், “பின்ன எதுக்கு ஓய் மாசாமாசம் சந்தா பிடிக்கறீங்க?” என்பார்.

அந்தச் சந்தாவுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. எந்தச் சங்கம் மேசையில் உட்காரலாம் என்பதை யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்து முடிவுசெய்ய முடியாதல்லவா? 1993 விதிகளின்படி, பொதுவாக ஒரு பிரிவு ஊழியர்களில் குறைந்தது 35 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்கு அங்கீகாரம். சம்பளப் பட்டியலில் பிடிக்கும் சந்தாவை வைத்து உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்ப்பார்கள். ரயில்வேயில் இன்னும் ஒரு படி மேலே போய் ரகசிய வாக்கெடுப்பே நடத்துகிறார்கள். கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. ரயில்வேக்குத் தனியாக 1952இலிருந்தே ஒரு நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பும் உண்டு.

ஜேசிஎம்மில் எனக்குப் பிடித்த பகுதி, பேச்சு முறிந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதி வைத்ததுதான். சம்பளமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று விஷயங்களில் ஒத்துவரவில்லையென்றால் நடுவர் குழுவுக்குப் போக வேண்டும். அரசுத் தரப்பிலிருந்து ஒருவர், பணியாளர் தரப்பிலிருந்து ஒருவர், தலைவராகப் பொது ஆள் ஒருவர். அவர்கள் சொல்வது இருவரையும் கட்டுப்படுத்தும். நாடாளுமன்றம் மட்டும் அதை மாற்றலாம். இப்படியொரு கதவு இருப்பது தெரிந்தாலே இரு பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்கள்.

எழுதி வைத்தது எல்லாம் நடந்ததா என்று கேட்காதீர்கள். இரண்டே வருடத்தில் முதல் அடி விழுந்தது. குறைந்தபட்சச் சம்பளம் குடும்பத் தேவையை வைத்துக் கணக்கிடப்பட வேண்டும் என்று பணியாளர் தரப்பு கேட்டது. இதற்கான கணக்கை 1957இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு போட்டுக் கொடுத்திருந்தது. ஒரு குடும்பம் மூன்று நுகர்வு அலகு (அதாவது மூன்று பெரியவர்களின் தேவைக்குச் சமம்), ஆளுக்கு 2,700 கலோரி, வருடத்துக்கு 18 கஜம் துணி, வீட்டு வாடகை, விளக்கு, அடுப்பு என்று நம் அம்மாக்கள் மளிகைக் கணக்கு போடுவது போலவே இருக்கும். அந்த மாநாட்டிலும் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இந்தக் கோரிக்கையை நடுவர் குழுவுக்கு அனுப்ப அரசு மறுத்தது. 1968 செப்டம்பர் 19 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம். மீண்டும் அவசரச் சட்டம். மேசை போட்டவர்களே அதைத் தாண்டிப் போன கதை இது. பின்னாளிலும் தேசிய கவுன்சில் வருடக்கணக்கில் கூடாமலே இருந்ததுண்டு, நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று விதி இருந்தும்.

ஆனாலும் அந்த 1957 கணக்கு வீணாகவில்லை. ஏழாவது ஊதியக் குழு 18,000 ரூபாய் என்று குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தபோது அதே சூத்திரத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டது. பணியாளர் தரப்பு கேட்டது 26,000. இரண்டு பேரும் ஒரே சூத்திரத்தில் வேறு வேறு விடை கண்டுபிடித்தார்கள். விலைவாசி விஷயத்தில் இது சகஜம்தான்.

மேசையே போடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் பென்ஷன் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1.7 லட்சம் பேரை அரசு ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று அது ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. டி.கே.ரங்கராஜன் வழக்கு என்று இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அதுதான். நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். சட்டப்படி அரசு ஜெயித்தது. ஆனால் அந்த வருடம் ஊரிலிருந்த சொந்தக்காரர் வீடுகளில் என்ன மனநிலை இருந்தது என்பதை நான் பார்த்தேன். சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பியவர்கள் எவரும் அதற்குப் பிறகு ‘இந்த வேலையை இன்னும் நன்றாக எப்படிச் செய்யலாம்’ என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக வங்கிகளைச் சொல்வேன். கணினி வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எண்பதுகளில் சாதாரணமானதல்ல. 1983இல் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் போட்டன. எங்கெங்கே, எத்தனை இயந்திரம், அதை இயக்குபவருக்கு என்ன கூடுதல் படி என்றெல்லாம் அதில் பேசித் தீர்த்தார்கள். 1987இலும் 1993இலும் அதை விரிவாக்கினார்கள். அப்போது ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்த சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் கணினிமயத்துக்கு வழி வகுத்துக் கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான். ‘பத்து வருடம் இழுத்தடித்தார்கள்’ என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. டோக்கனை வைத்துக்கொண்டு நின்ற கால்களைக் கேட்டால் தெரியும். ஆனால் மாற வேண்டிய நேரத்தில், கணினி முன் உட்கார்ந்ததும் லெட்ஜரில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான். மெதுவாகப் போவதுதான் இந்த முறையின் விலை. அந்த விலையைக் கியூவில் நிற்பவர் கொடுக்கிறார்.

சமீபத்திய உதாரணம் பென்ஷன்தான், மறுபடியும். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டம். கையில் எவ்வளவு வரும் என்பது சந்தையைப் பொறுத்தது. பல வருடம் எதிர்ப்பு. 2023இல் டி.வி.சோமநாதன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. தமிழ்நாடு பிரிவு ஐஏஎஸ் அதிகாரி அவர், அப்போது நிதித் துறைச் செயலர். குழு ஜேசிஎம் பணியாளர் தரப்போடும் பேசியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்றே பிரதமரும் பணியாளர் தரப்பைச் சந்தித்தார். 25 வருடம் வேலை பார்த்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி உறுதி; குறைந்தது 10 வருடம் இருந்தால் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. ஊழியரின் பங்கு 10 சதவீதத்திலேயே நிற்க, அரசின் பங்கு 14இலிருந்து 18.5 சதவீதமானது. எல்லாச் சங்கங்களும் ஏற்றுக்கொண்டன என்று சொல்ல முடியாது. பழைய பென்ஷனைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோமநாதன் அடுத்த சில நாளில் அமைச்சரவைச் செயலரானார். அதாவது, தேசிய கவுன்சிலில் அந்தச் சங்கங்களுக்கு எதிரே தலைவர் நாற்காலியில் உட்காருபவர்.

இவ்வளவையும் மொட்டைமாடியில் வைத்துத் தம்பியிடம் சொல்லி முடித்தபோது அவர் ஒன்று கேட்டார். “அண்ணே, 2000இல அந்த மேசையில கரண்ட் பில் கட்டுறவன் சார்பா யார் உட்கார்ந்திருந்தா?”

நல்ல கேள்வி. யாரும் இல்லை. அரசு நமக்காகத்தான் பேசுகிறது என்பது ஏற்பாடு. ஆனால் அரசு அங்கே முதலாளியாகவும் உட்கார்ந்திருக்கிறது. வாக்குறுதி கொடுத்தது ஒரு அரசு, அதன் பலனை வாங்கிக்கொண்டது ஒரு தலைமுறை ஊழியர், ரசீது வருவது 2000இல் பால்குடி மறக்காத பிள்ளைக்கு. இப்படிச் சொல்வதால் அந்த லைன்மேனுக்கு பென்ஷன் கொடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்குறுதி இல்லாவிட்டால் மாற்றமே நடந்திருக்காது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு ஆகும், யார் தலையில் விழும் என்ற கணக்கை அன்றைக்கே வெளிப்படையாகப் போட்டிருக்கலாம். இன்றைக்குப் போடும் ஒப்பந்தங்களிலாவது, முதலில் நான் தேடிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

மேசையில் இல்லாத இன்னொருவரும் உண்டு. போன வாரம் மீட்டர் ரீடிங் எடுக்க ஒரு பையன் வந்தான். வெயிலில் முகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு, பில்லில் அந்த வரியைக் காட்டி, இதில் உனக்கும் பங்கு உண்டா என்று இந்தியில் கேட்டேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் ஒரு காண்டிராக்டரின் பெயர் இருந்தது.

“அங்கிள், எனக்கு மீட்டருக்கு இத்தனை ரூபாய்னுதான் கணக்கு” என்றான். டம்ளரை வைத்துவிட்டு அடுத்த மாடிக்கு ஏறிப் போனான்.